நாற்காலிக் கடையில் நின்றவர்

அலமாரி வாங்க வந்த அம்மாள் நடுக்கதவைத் திறந்தபோது உள்ளே கொக்கண்ணன் உட்கார்ந்திருந்தார்.

அந்த அம்மாள் அலறவில்லை, மூச்சை மட்டும் உள்ளே இழுத்தார். கொக்கண்ணன் அசடு வழிய எழுந்து, "எவ்வளவு எடை தாங்கும்னு பாத்துட்டு இருந்தேம்மா" என்றார்.

அந்தக் கடையில் எங்கு திரும்பினாலும் நாற்காலிதான். சுழலும் நாற்காலி, சாயும் நாற்காலி, ஆளையே விழுங்கும் சோபா. ஆனால் விற்கிறவர்கள் எதிலும் உட்காரக் கூடாது. வலி பொறுக்காமல் காலை மாற்றி மாற்றி ஒற்றைக்காலில் நின்றதால்தான் அவருக்குக் கொக்கண்ணன் என்று பெயர். முழங்கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. கால் போனால் வேலை போகும், இந்த வயதில் வேறு எவன் கூப்பிடுவான்? அவருக்கு வேண்டியதெல்லாம் ஓரமாக ஒரு முக்காலி. அது கிடைக்காமல்தான், கூரையில் இருந்த கேமராவின் கண்ணுக்குத் தப்பி அலமாரிக்குள் போயிருந்தார்.

மேனேஜரின் செல்போன் அடித்தது. "சரிங்கய்யா, சரிங்கய்யா" என்று கேட்டுக்கொண்டவர், நேராக வந்து எல்லோர் முன்னாலும் கொக்கண்ணனைக் கிழி கிழியென்று கிழித்தார். மேனேஜர் பேர்போன சிடுமூஞ்சி. அவர் உட்கார்ந்தும் யாரும் பார்த்ததில்லை. வரிசை வரிசையாக நடந்துகொண்டே இருப்பார். எவன் உட்காருகிறான் என்று மோப்பம் பிடிக்கத்தான் இந்த நடை என்று கொக்கண்ணன் முடிவு கட்டியிருந்தார்.

தண்டனையாக மாடிக்கு மாற்றினார்கள். மாடியில் மெத்தைப் பிரிவு. செங்குத்தான படிகளில் மூச்சு வாங்க ஏறி, மெத்தைகளுக்கு நடுவே நிற்பது, பட்டினி கிடந்தவனைப் பரிமாறச் சொன்ன மாதிரி இருந்தது. ஒருநாள் புதுமணத் தம்பதி வந்து, மெத்தை மிருதுவாக இருக்குமா என்று கேட்டார்கள். காட்டுவதற்காகப் படுத்தவர் அப்படியே தூங்கிவிட்டார். அவர்கள் நல்லவர்கள். போர்வையை இழுத்து மூடிவிட்டுச் சத்தம் போடாமல் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

மறுபடி செல்போன், மறுபடி வசவு. இந்த முறை வாசலில், வாட்ச்மேன் பக்கத்தில், வருகிறவர்களுக்குக் கும்பிடு போடும் வேலை. மாடியிலாவது நிழல் இருந்தது.

அன்று வீட்டில் மனைவி அவர் காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே அழுதாள். "வாயத் தொறந்து கேளுங்க. உக்கார்றது உங்க உரிமை. அதுக்குச் சட்டமே இருக்காம். கால் போனப்புறம் சட்டத்த வெச்சு என்ன பண்ணப் போறோம்?"

மறுநாள் கொக்கண்ணன் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மேனேஜரிடம் போனார். இப்படியே நின்றால் நடக்கவே முடியாமல் போகும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னார். மேனேஜர் ஒருமுறை கூரையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இத வேற யார்கிட்டயும் சொல்லிடாத. தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

மிரட்டுகிறான் என்று கொக்கண்ணனுக்குப் புரிந்துபோயிற்று. வாயை மூடிக்கொண்டார்.

அடுத்த வாரம் தொழிலாளர் துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்து இறங்கினார். யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். ஊழியர்கள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிய, எல்லோருக்கும் மூத்தவர் என்று கொக்கண்ணனை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

"இங்க உங்களை உக்கார விடறாங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

அதிகாரியின் தோளுக்குப் பின்னால் மேனேஜர் நின்றிருந்தார். கண் கொட்டாமல் கொக்கண்ணனையே பார்த்தார். மெல்லத் தலையையும் அசைத்தார். பேசினால் தொலைந்தாய் என்று அந்தத் தலையசைப்புக்குக் கொக்கண்ணன் அர்த்தம் பண்ணிக்கொண்டார்.

"ஒரு குறையும் இல்லம்மா. வேணும்போதெல்லாம் உக்காருவோம். எங்க மேனேஜர் தங்கமானவர்."

"நிஜமாவா?"

"சத்தியமா."

அதிகாரி அவர் காலை ஒருமுறை பார்த்தார், முகத்தை ஒருமுறை பார்த்தார், பிறகு போய்விட்டார். மேனேஜர் கடையிலேயே விலை கூடிய சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார். செல்போன் அடித்து அடித்து ஓய்ந்தது, அவர் எடுக்கவில்லை. ஜெயித்த திமிர் என்று கொக்கண்ணனுக்கு வயிறு எரிந்தது. பொய்ச் சத்தியம் செய்த வெட்கத்தில் அன்றிரவு மனைவியின் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டு எழுந்தார்.

மறுநாள் மேனேஜர் வரவில்லை. முதலாளி முதல்முறையாகக் கொக்கண்ணனைச் செல்போனில் கூப்பிட்டுப் பேசினார். பழைய மேனேஜர் இனி வரமாட்டாராம். கடையின் மானத்தைக் காப்பாற்றிய விசுவாசத்துக்குக் கொக்கண்ணன்தான் இனி மேனேஜர். ஒரே ஒரு நிபந்தனை, மேனேஜரும் உட்காரக் கூடாது. அவன் உட்கார்ந்தால் மற்றவனும் உட்காருவான், கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பேன் என்றார்.

அன்று முழுக்கக் கொக்கண்ணன் வரிசை வரிசையாக நடந்தார். நின்றால் வலித்தது, நடந்தால் கொஞ்சம் மரத்துப்போயிற்று. கடை மூடும் நேரத்தில் வாசல் தூணில் சாய்ந்தபடி வாட்ச்மேனிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

"அவ்வளவு பெரிய பொய் சொல்லி அந்தாள நான் காப்பாத்தினேன். போகும்போது என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலியே, ஏன்?"

வாட்ச்மேன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் திரும்பினார்.

"புகார் கொடுத்ததே அவர்தாண்ணே, 'நான் சொன்னா எடுபடாது, கொக்கு சொல்லுவான், அவன் காலே சாட்சி'ன்னு உங்களத்தான் நம்பிட்டு இருந்தாரு."