சுத்தவாளிக் காக்காவும் வயல் வீதி நெல்லும்

கல்முனையிலிருந்து ஒலுவில் வரைக்கும் வாகனம் ஓட்டுகிறவர்களில், சுத்தவாளிக் காக்காவின் ஆலோசனையைக் கேட்டுத் தண்டம் கட்டாமல் தப்பியவர் ஒருவர்கூட இல்லை. இருந்தும் பொலிஸ் சீட்டு எழுதிக் கையில் கொடுத்தால், தபாற்கந்தோருக்குப் போய்க் கட்டிவிட்டு வேலையைப் பார்க்காமல், நாங்கள் எல்லோரும் நேரே அவரிடம்தான் போனோம். இன்றைக்கும் போகிறோம். மூத்த அண்ணனை எங்கள் பக்கம் காக்கா என்போம்; அவர் ஊருக்கே காக்கா.

நீதிமன்றத்தில் வழக்குகளைக் கூப்பிடும் அலுவலரான முதலியார் குற்றப்பத்திரிகையை வாசித்துவிட்டு, "குற்றவாளியா, சுத்தவாளியா?" என்று கேட்பார். இரண்டாவதைச் சொல்லவேண்டும் என்பதுதான் காக்காவின் முழுச் சட்டப் படிப்பும். ஹெல்மட் போடாதவனுக்கும் அதே மருந்து, ஒரு சைக்கிளில் நான்கு பேரை ஏற்றினவனுக்கும் அதே மருந்து.

"குத்தம் செய்தயா எண்டு நம்மட்டக் கேக்கிறது ஒரு மரியாதைக்கு," என்பார். "மரியாதயாக் கேட்டா நாமளும் மரியாதயா இல்லெண்டு சொல்லோணும்."

மெயின் வீதியும் வயல் வீதியும் சந்திக்கிற இடத்தில் அவருக்கு டயர் ஒட்டும் கடை. கடைக்கு எதிரே ஒரு வாகை மரம். போக்குவரத்துப் பொலிசார் நிழலுக்காக அந்த மரத்தடியில்தான் நிற்பார்கள். காக்கா சட்டம் படிக்கக் கொழும்புக்குப் போகவில்லை. சட்டம்தான் தினமும் காலையில் வந்து அவர் கடைக்கு முன்னால் நின்றது. பொலிசார் கால் கடுத்தால் காக்கா தன் கதிரையைக் கொடுப்பார், பிளேன்டீயும் கொடுப்பார். அவர்கள் அந்தக் கதிரையில் இருந்து எழுதின சீட்டை எதிர்த்து, அவர்கள் எழும்பின கையோடு அதே கதிரையில் இருந்து ஆலோசனையும் கொடுப்பார். இது என்ன நியாயம் என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன்.

"தேத்தண்ணி வேற, நீதி வேற," என்றார், ட்யூபைத் தண்ணீரில் அமுக்கியபடி.

நானும் ஒருமுறை அவரிடம் போனவன்தான். எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குத் தொப்பியோடு பைக்கில் போகிறவனைப் பொலிசார் மறிப்பது குறைவு. ஹெல்மட் எங்கே என்று கேட்காமல் வாகை மரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். எழுதாத ஒப்பந்தம் அது. அந்த ஒப்பந்தத்தை நம்பித் தொப்பியோடு ஒலுவில் துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போய்ப் பிடிபட்டேன். பிடிபட்டது சனிக்கிழமை.

காக்கா கொஞ்சமும் கலங்கவில்லை. "சுத்தவாளி எண்டு சொல்லுங்க சேர். ஏன் தொப்பி எண்டு கேட்டா, நேத்து ஜும்ஆவுக்குப் போன நான் இன்னம் ஊட்ட திரும்பல்ல எண்டு சொல்லுங்க."

நான் பாடசாலையில் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறவன். நீதவானின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குற்றவாளி என்று முனகிவிட்டுத் தண்டத்தைக் கட்டினேன். வெளியே வந்ததும் காக்கா, "வெல்லுற வழக்கக் கெடுத்துப்போட்டீங்களே," என்று என்மேல் உண்மையாகவே கவலைப்பட்டார்.

ஐஸ் லொறி ஓட்டும் மஹ்ரூப் என்னைவிடத் துணிந்தவன். லொறிக்கு ஒற்றை லைற்றுத்தான் எரிகிறது என்று மஃரிபுத் தொழுகை முடிந்து இருட்டின பிறகு பிடித்திருந்தார்கள். அவன் காக்கா சொன்னதை ஒரு சொல் பிசகாமல் நீதவானிடம் ஒப்புவித்தான்: "அண்டைக்கு நல்ல நிலவு ஐயா. மற்ற லைற்றுக்குத் தேவ வரல்ல."

"மோட்டார் வாகனச் சட்டத்தில் நிலவைப் பற்றி எங்கே இருக்கிறது?" என்று கேட்டார் நீதவான்.

"சட்டத்தில இல்ல ஐயா. வானத்தில இருந்திச்சி."

மஹ்ரூபுக்கு வழக்கமான தண்டத்தைவிடக் கூடுதலாக விழுந்தது. காக்கா அதைத் தோல்வியாக எடுக்கவில்லை. நீதவான் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார், கேள்வி கேட்டால் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று அர்த்தம் என்றார். மஹ்ரூப் அடுத்த சீட்டையும் அவரிடமே கொண்டுவந்தான்.

ஏன் போனோம் என்று கேட்டால், காரணம் இதுதான். காக்கா ஆலோசனையைச் சொல்லிவிட்டு விடுகிற ஆள் இல்லை, கூடவே வருவார். கடையைப் பூட்டி, வெள்ளைச் சேட்டுப் போட்டு, பையில் ஒரு பேனையைக் குத்திக்கொண்டு, பிளாஸ்க்கில் தேத்தண்ணீரோடு நீதிமன்ற வாங்குப் பலகையில் நமக்குப் பக்கத்தில் இருப்பார். சட்டத்தரணிகள் கறுப்புக் கோட்டோடு அங்குமிங்கும் நடக்கும்போது நாம் சீட்டை மடித்து மடித்து விரிப்போம். பெயரைக் கூப்பிட்டதும் காக்கா நம் முதுகில் கையை வைத்து ஒரு சின்னத் தள்ளுத் தள்ளுவார். அந்த வாங்கில் தனியே இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கையின் பெறுமதி தெரியும்.

இப்போது நஸீராவின் வழக்குக்கு வருகிறேன்.

நஸீரா எங்கள் ஊரில் முச்சக்கரவண்டி ஓட்டுகிற ஒரே பெண். கணவர் கட்டாரில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து முதுகு முறிந்து வந்து படுக்கையில் இருக்கிறார். பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்கித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. என் மகளும் அதில்தான் போகிறாள். பொம்பிளை ஓட்டோ ஓடுவதா என்று கேட்ட வாய்கள் ஊரில் நிறைய. அவள் ஏதாவது ஒன்றில் பிசகமாட்டாளா என்று அந்த வாய்கள் காத்துக்கொண்டிருந்தன.

அறுவடைக் காலம் வந்தால் எங்கள் வயல் வீதியில் பாதிதான் வீதி, மறுபாதி களம். வெட்டு மெசின் ஈர நெல்லைக் கொட்டிவிட்டுப் போய்விடும். வீதி புதுத் தார்க் காபட் போட்ட வீதி, கறுப்பாக நன்றாகச் சுடும். நாவிதன்வெளிப் பக்கம் வயல் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் அதிலேதான் நெல்லைக் காயப்போடுவார்கள். வாகனக்காரர்கள் மற்றப் பக்கத்தால் போவார்கள். அதுவும் எழுதாத ஒப்பந்தம்தான்.

அன்று நஸீரா பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் ஓட்டோவோடு வந்தாள். வளைவில் இடது பக்கம் முழுக்க நெல். வெள்ளைக் கோட்டைத் தாண்டி வலது பக்கத்தால் எடுத்தாள். வளைவுக்கு இந்தப் பக்கம் வீதியோரமாகப் பொலிஸ் மோட்டார் சைக்கிள் ஒன்று நிறுத்தியிருந்தது. ஓட்டோவின் முன்சில்லு அதில் மெல்ல முட்டியது. களைத்துப்போய் நின்றதுபோல் பைக் சரிந்து விழுந்தது. வேறு எந்த வாகனத்தை முட்டியிருந்தாலும் தேத்தண்ணீரோடு முடிந்திருக்கும். மரத்தடியில் நின்ற கொன்ஸ்டபிள் வந்து, விழுந்ததைத் தூக்கி நிமிர்த்தி, விவரமெல்லாம் எழுதி முடித்துவிட்டு வளைவைப் போய்ப் பார்த்தபோது, அங்கே ஒரு மணி நெல்கூட இல்லை. மழை இருட்டியிருந்ததால் நெல்லுக்காரர் அவசரமாகக் கூட்டி அள்ளிவிட்டார்.

கவனயீனமாக ஓட்டியது, கோட்டைத் தாண்டியது என்று வழக்கு. அனுமதிப்பத்திரத்தை நிறுத்திவைத்தால் ஓட்டோ நிற்கும். ஓட்டோ நின்றால் அடுப்பும் நிற்கும்.

வழக்கு விசாரணைக்கு முதல் நாள், நானும் கூட இருக்க, கடையில் காக்கா வாதங்களை அடுக்கினார். பொலிஸ் பைக் ஏன் அந்த இடத்தில் நின்றது? கச்சான் காற்று பலமாக அடித்தால் பைக் தானாக விழாதா? நஸீரா எல்லாவற்றுக்கும் தலையைக் குனிந்தபடி, "ஓம் காக்கா," என்றாள். நெல்லைப் பற்றிக் காக்கா ஒரு வார்த்தையும் பேசவில்லை.

வெளியே வந்து ஓட்டோவில் ஏறும்போது நான் கேட்டேன். "நஸீரா, நெல்லு கிடந்ததுதானே? யார்ட நெல்லு?"

"அந்த நெல்லச் சுத்திப் பழைய டயர் வெச்சிருந்திச்சி சேர்."

நெல்லைச் சுற்றி எல்லோரும் கல் வைப்பார்கள். டயர் வைக்க ஊரில் ஒரே ஆளுக்குத்தான் வசதி.

"அப்ப கோட்ஸில அதச் சொல்லுங்களன்!"

"நான் ஓட்டோ எடுத்த புதிசில, என்ட டயருக்குக் காத்தடிக்கவும் ஆக்கள் விருப்பமில்லாம நிண்டாங்க சேர். காக்காதான் கூப்பிட்டு அடிச்சி உட்டார். காத்துக்கு ஆம்புள பொம்புள தெரியா மகள் எண்டார். அவர நான் எப்பிடிக் காட்டிக் குடுக்கிற?"

எனக்குக் காக்காமேல் கோபம் கோபமாக வந்தது. ஊருக்கெல்லாம் சட்டம் சொல்கிற மனிதர் தன் நெல்லை மட்டும் மூடி வைத்திருக்கிறாரே என்று அன்றைக்கு முழுக்க முறுகிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நீதிமன்ற வாங்கில் காக்காவுக்கு ஒரு பக்கம் நஸீரா, மறுபக்கம் நான். கொன்ஸ்டபிள் ஒளிவுமறைவில்லாமல் சாட்சி சொன்னார். வளைவில் தடை ஏதாவது இருந்ததா என்று கேட்டதற்கு, தான் போய்ப் பார்த்தபோது வீதி வெறுமையாகத்தான் கிடந்தது என்றார். அது உண்மைதான்.

நீதவான் நஸீராவைப் பார்த்தார். "நீங்கள் ஏன் வலது பக்கத்தால் வந்தீர்கள்?"

"வீதியில ஒண்டு கிடந்திச்சி ஐயா."

"என்ன கிடந்தது?"

நஸீரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"காரணம் சொல்லாவிட்டால் அனுமதிப்பத்திரத்தைப் பற்றி நான் யோசிக்கவேண்டி வரும், விளங்குகிறதா?"

"விளங்குது ஐயா," என்றுவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பக்கத்தில் காக்கா பிளாஸ்க் மூடியைத் திருகித் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பிறகு பிளாஸ்க்கை என் மடியில் வைத்துவிட்டு எழும்பினார்.

"ஐயா, நெல்லு."

நீதிமன்றப் பொலிஸ் ஓடிவந்து அவரை இருத்தப் பார்த்தது. நீதவான் தடுத்து, சாட்சிக் கூண்டுக்குக் கூப்பிட்டார். காக்கா அல்லாஹ்மீது சத்தியம் செய்தார்.

"என்ன நெல்?"

"கீரிச் சம்பா, ஐயா."

"வகையைக் கேட்கவில்லை. யாருடைய நெல்?"

காக்கா முதலியாரைப் பார்த்தார், கொன்ஸ்டபிளைப் பார்த்தார், ஆலோசனை கேட்பதுபோல் என்னையும் பார்த்தார்.

"என்ட, ஐயா."

"வீதியில் நெல் காயப்போடுவது குற்றம் என்று தெரியாதா?"

"தெரியும் ஐயா. அதாலதான் வெள்ளக் கோட்டோட நிப்பாட்டினன். அங்கால ஒரு மணி போடல்ல."

நீதவான் முகத்தைக் காகிதங்களுக்குள் தாழ்த்திக்கொண்டு கொஞ்ச நேரம் எதையோ தேடினார். நிமிர்ந்தபோது முகம் பழையபடி இருந்தது. "பொலிசார் பார்த்தபோது ஏன் அது அங்கே இல்லை?"

"மழ இருட்டினது ஐயா. பொலிச விட மழைக்குத்தான் நான் பயம்."

"நீங்கள் இப்போது சொல்வது உங்களுக்கு எதிராகவே வரும்."

"வரட்டும் ஐயா. அந்தப் புள்ளக்கி ஆதரவா வருமா?"

வந்தது. நஸீரா விடுதலையாகி அனுமதிப்பத்திரத்தை வாங்கினாள். சில நாள் கழித்து, வீதிக்குத் தடை ஏற்படுத்தியதாகக் காக்காவின் பெயரில் வழக்கு வந்தது. அழைப்புக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்த கொன்ஸ்டபிளுக்கு அவர் வழக்கம்போலக் கதிரை கொடுத்தார்.

அவருடைய வழக்கு நாளில் நீதிமன்ற வாங்கில் இடமில்லை. அவரிடம் ஆலோசனை கேட்டுத் தோற்றவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். ஐஸ் லொறி மஹ்ரூப் அவர் காதோடு வாயை வைத்தான்.

"காக்கா, பொலிஸ் நெல்லக் கண்ணால காணல்ல. சுத்தவாளி எண்டு மட்டும் சொல்லுங்க, வெண்டிரலாம்."

உண்மையைச் சொன்னால், எங்கள் ஊரில் அந்த ஆலோசனைக்குக் கொஞ்சமாவது அர்த்தம் இருந்த ஒரே வழக்கு அதுதான்.

காக்கா மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "நான் நெல்லுப் போடல்ல எண்டா, நஸீரா சொன்னது பொய்யாப் போயிரும் தம்பி."

முதலியார் ஒரு பெயரைக் கூப்பிட்டார். யாரும் அசையவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டபோதுதான் காக்கா எழும்பினார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் ஊரில் ஒருவருக்கும் ஆளைத் தெரியாமல் போய்விடும். முதலியார் குற்றத்தை வாசித்து, குற்றவாளியா சுத்தவாளியா என்று கேட்டார். கேட்ட கையோடு, பதில் தெரிந்தவர்போல் எழுதவும் குனிந்தார்.

"குற்றவாளி," என்றார் காக்கா.

முதலியார் நிமிர்ந்தார். "என்ன சொன்னீங்க?"

"குற்றவாளி, ஐயா. நெல்லுப் போட்டது நான்தான்."

மஹ்ரூப் வாய்விட்டு, "யா அல்லாஹ்," என்றான். பொலிஸ் அவனை அதட்டவில்லை. நீதவான் எச்சரித்து, சிறிய தண்டம் ஒன்றோடு விட்டார். கட்டிவிட்டு வெளியே வந்த காக்கா யாருடைய முகத்தையும் பார்க்காமல் வாசலில் நின்று சேட்டுக் கையை மடித்துக்கொண்டிருந்தார். தோற்றவருக்கு என்ன சொல்வது என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதுவரை அந்த வேலையை அவர்தான் செய்து வந்தார்.

நஸீரா ஓட்டோவைக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் நிறுத்தினாள். "ஏறுங்க காக்கா."

நானும் ஏறினேன். சந்தி வந்ததும் காக்கா, "பாத்து எடு மகள், பொலிஸ் நிப்பான்," என்றார். அவள், "ஓம் வாப்பா," என்றாள். தகப்பனைக் கூப்பிடுகிற அந்தச் சொல்லைத் தவறித்தான் சொன்னாளா, தெரிந்துதான் சொன்னாளா, எனக்குத் தெரியாது. காக்கா சட்டென்று வெளிப்பக்கம் திரும்பி, கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினார். ஒடுங்கிய பின்சீட்டில் அவர் தோளோடு தோள் இடிபட இருந்துகொண்டு, ரஹ்மானே, இந்த மனிசனின் ஆயுளை நீட்டிக் கொடு, நீண்ட ஹயாத்தைக் கொடு என்று மனதுக்குள் துஆக் கேட்டேன்.