காய்ச்சலை ஒளித்து வைத்த நோமலர்

தன் உடம்பை அரசாங்கச் சொத்தாக நினைத்து நடக்கிற மனிதர் வன்னியிலேயே ஒருவர்தான். நெளுக்குளத்து நோமலர்.

நான் ஆஸ்பத்திரியின் சிறுநீரக ஆராய்ச்சிப் பிரிவில் பரிசோதனைக்கு இரத்தமும் சலமும், அதாவது சிறுநீரும், சேகரிக்கிறவன். பல்கலைக்கழகத்து டொக்டரம்மாதான் எங்கள் தலைவி. நோமலரின் தம்பிக்குச் சிறுநீரகம் பழுது. எங்களிடம் வந்து மெசினில் இரத்தம் சுத்திகரித்துப் போவார். அண்ணனும் தம்பியும் ஒரே கிணறு, ஒரே வயல், ஒரே சோறு. ஆனால் அண்ணனின் ரிப்போட்டில் ஒரு குறையுமில்லை, எல்லாமே 'நோமல்' என்றுதான் இங்கிலீசில் வரும். அதற்கு ஒரு 'ர்' சேர்த்து ஊர் மரியாதை செய்தது.

"ஐயா, சுகமான ஆளும் எங்களுக்கு வேணும். உங்களோட ஒப்பிட்டுப் பாத்தால்தான் தம்பிக்கு ஏன் வந்தது எண்டு தெரியும்" என்றார் டொக்டரம்மா.

அவ்வளவுதான். தான் ஒரு தும்மல் தும்மினாலும் ஆராய்ச்சி படுத்துவிடும், தம்பி கதையும் முடிந்துவிடும் என்று மனிதர் முடிவு கட்டிவிட்டார். பஸ்ஸில் யாராவது இருமினால் இறங்கி நடப்பார். மகளின் கலியாணத்தில் பெண்ணை அனுப்பும்போது ஊரே அழுதது. இவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒருக்கா அழுங்கோவன் அப்பா!"

"கண்ணீரில உப்புப் போகும் பிள்ளை. டொக்டரம்மாவின்ர கணக்குப் பிழைச்சிடும்."

ஆராய்ச்சிக்கு நிதி தருகிறவர்கள் கொழும்பிலிருந்து வந்தார்கள். டொக்டரம்மா படம் போட்டு விளக்கிக்கொண்டிருக்க, நோமலர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் வந்து தோப்புக்கரணம் போடத் தொடங்கினார். "உங்கட காசு வீண்போகேல்லை, வடிவாப் பாருங்கோ!" நிதி கிடைத்தது. படத்துக்கா தோப்புக்கரணத்துக்கா என்று கேட்க எங்களுக்குத் துணிவு வரவில்லை.

பிறகு ஒரு கிளினிக் நாளில் ஆளைக் காணவில்லை. தம்பிதான் என் காதுக்குள் சொன்னார்: "அண்ணைக்கு முந்தநாள் தொட்டுக் காய்ச்சல். உங்களுக்குச் சொல்லக் கூடாதாம். நெல்லு மூட்டைக்குப் பின்னால ஒளிச்சுப் படுத்திருக்கிறார்."

டொக்டரம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. வயல்காரருக்கு வருகிற எலிக்காய்ச்சலாக இருந்தால் அது சிறுநீரகத்தையே பிடிக்கும். ஆஸ்பத்திரி வான் வண்டியை எடுத்துக்கொண்டு நெளுக்குளத்துக்குப் பறந்தோம்.

"எனக்கொண்டுமில்லை, நான் நல்ல சுகம்!" என்று மூட்டைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. ஆள் நடுங்கிய நடுக்கத்தில் மூட்டையும் ஆடியது.

"ஐயா, நீங்கள் படுத்தால் ஆராய்ச்சி நிக்காது. சுகமான வேற ஆக்களும் எங்களிட்ட இருக்கினம்" என்றார் டொக்டரம்மா.

"வேற ஆக்களோ? ஆர்? நெளுக்குளத்திலயோ?" அந்தக் காய்ச்சலிலும் மனிதருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு குரல் இறங்கியது. "அப்ப என்னால தம்பிக்கு ஒண்டும் ஆகாதே?"

"ஆகாது. எழும்புங்கோ."

எலிக்காய்ச்சல்தான். நல்ல காலம், நேரத்துக்கு மருந்து ஏறியது.

மறுநாள் நான் வாட்டுக்குப் போனபோது தம்பி மெசினிலிருந்து நேரே வந்திருந்தார். ஊசி போட்ட கையில் பஞ்சு ஒட்டியபடி. மற்றக் கையால் அண்ணனுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தார்.

"உனக்கு ஏலாதடா, போய்ப் படு."

"வாயைத் திற அண்ணை."

நோமலர் வாயைத் திறந்தார். சலப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். இந்த விசர் பிடித்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.