அடுமனை கைமாறியபோது

கடலுக்கு இக்கரையில் வெண்குன்றம் என்றொரு நாடு இருந்தது. அந்நாட்டு மக்களுக்கு ரொட்டி என்றால் உயிர். அதைச் சுடுவதற்காக விடியுமுன் எழுந்திருக்கத்தான் யாருக்கும் மனம் வரவில்லை. ஆகவே அக்கரையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் சுட்டார்கள், இருந்தவர்கள் தின்றார்கள். இதில் ஏதோ ஒழுங்கு குறைவதாக அரண்மனைக்குப் பட்டது. மன்னர் மகிழ்கோ ஒரு சட்டம் போட்டார். அக்கரை ஆட்களை வேலைக்கு வைக்கும் முதலாளி அழைப்புரிமம் பெற வேண்டும். அவர் பெயர் பொறித்த செப்புத் தகடு அடுமனை வாசலில் தொங்கும். தகடு போனால் வேலை நிற்கும். அறுபது நாளில் ஆட்கள் கப்பலேற வேண்டும்.

வடிவு அப்படி வந்தவள்தான். சாத்தப்பர் அடுமனையில் ஆறு வருடமாக மாவு பிசைந்தாள். அவளோடு இன்னும் இருபத்தொரு பேர். நான்கு வருடம் விடாமல் மனுப் போட்டு, போன மாதம்தான் பத்து வயது மகள் அனிச்சத்தை வரவழைத்திருந்தாள். அனிச்சம் பள்ளியில் சேர்ந்து, வெண்குன்றத்து நாட்டுப்பாட்டை வெண்குன்றத்துப் பிள்ளைகளைவிடச் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துச் சாத்தப்பருக்கு முழங்கால் மடங்க மறுத்தது. அடுமனையை ஒரே மகள் பவளத்தின் பேருக்கு எழுதிவைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். அடுப்பு மாறவில்லை, ருசி மாறவில்லை, பெயர்ப்பலகைகூட மாறவில்லை. பவளம் நேர்மையான பெண். முதலாளி மாறியதை முறைப்படி அரண்மனைக்குத் தெரிவித்தாள். மறுநாள் அயலார் நலப் பேரதிகாரி ஆலாலசுந்தரர், இரண்டு சேவகர்களோடும் ஓர் ஏணியோடும் வந்து சேர்ந்தார்.

“எதுக்குங்க தகட்டக் கழட்டுறீங்க?” என்று பதறினாள் பவளம்.

“இவர்களை அழைத்தவர் தங்கள் தந்தையார். அவர் இப்போது முதலாளி அல்லர். முதலாளி அல்லாதவர் அழைத்தவர்கள் அழைக்கப்படாதவர்களே.”

“இப்ப நான் அழைக்கிறேனே!”

“தங்களுக்கு உரிமம் இல்லையே, அம்மணி.”

“அப்பக் குடுங்க.”

“தாராளமாக. இருபது நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பப் படிவம் தயாராக முப்பது நாள் ஆகும்.”

சேதி கேட்டுச் சாத்தப்பர் தடியூன்றி ஓடிவந்தார். “வேணாங்க, நானே திரும்ப எடுத்துக்கிறேன்.”

“அப்படியானால் அது இரண்டாவது கைமாற்றம்,” என்றார் ஆலாலசுந்தரர், கனிவாக. “இரண்டு படிவம் வேண்டும்.”

இருபத்திரண்டு பேரும் மாவுக் கையோடு வெளியே நின்றார்கள். அன்று மாலை அனிச்சம் கேட்டாள்: “நாம ஏதாச்சும் தப்பு செஞ்சிட்டமாம்மா?”

“இல்லடி. மொதலாளியோட முழங்கால் செஞ்ச தப்பு,” என்று சிரித்தாள் வடிவு. மகள் அந்தப் பக்கம் திரும்பியதும் அந்தச் சிரிப்பு மறைந்துவிட்டது.

படிவத்துக்குக் காத்திராமல் பவளம் வெற்றுத்தாளில் எழுதி, பத்தொன்பதாம் நாள் அலுவலகத்தில் கொடுத்து, வரிசை எண்ணும் வாங்கினாள். ஓடும் அடுமனைக்குத்தான் உரிமம் என்பதால், அது ஓடுகிறதா என்று பார்க்க ஆலாலசுந்தரரே வந்தார். அடுப்பைத் தொட்டுப் பார்த்து, “ஓடவில்லை,” என்று எழுதிக்கொண்டார்.

“ஆளே இல்லாம எப்படிங்க ஓடும்?”

“அதைத்தான் நாங்களும் கவனித்தோம்.”

ஊரில் ரொட்டி குறைந்தது. மன்னர் அடுத்த ஆணை பிறப்பித்தார்: ‘இனி எந்த முதலாளியும் முன்னறிவிப்பின்றி மாறலாகாது. இறக்க உத்தேசித்திருப்போர் இருபது நாள் முன்னதாக எழுத்து மூலம் தெரிவிக்கவும்.’ இதைக் கேட்டுக் கிலி பிடித்த வயதான முதலாளிகள், உயிர் இருக்கும்போதே அடுமனைகளை அவசரமாகப் பிள்ளைகள் பேருக்கு மாற்றினார்கள். மொத்தம் பதினொரு தகடுகள் கழன்றன. ரொட்டி உடம்புக்கு ஆகாது என்று அரண்மனை மருத்துவர் அந்த வாரமே கண்டுபிடித்தார்.

ஐம்பத்தொன்பதாம் நாள் வடிவு, மகளின் பள்ளிப் பையைக்கூட மடித்து மூட்டை கட்டிவிட்டு, அனுமதிச்சீட்டைத் திருப்பிக் கொடுக்க அலுவலகம் போனாள். தெருவெல்லாம் முரசு. மன்னர் மகிழ்கோ களைத்துப்போய், அன்று காலைதான் அரியணையைத் தம்பி வெற்றிக்கோவிடம் ஒப்படைத்திருந்தார். ஆலாலசுந்தரர் வாயில் இனிப்போடு ஒரு தாளை நீட்டினார். வடிவு எழுதிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றாள்.

“அய்யா, ‘அனுமதி தந்த மன்னர்’னு இருக்கு. யார் பேர எழுத? மகிழ்கோ ராசா இப்ப ராசா இல்லியே.”

“அவர் பெயரையே எழுது. அவர் தந்த…” ஆலாலசுந்தரர் மெல்லுவதை நிறுத்தினார்.

மூலையில் இருந்த எழுத்தர் பூவராகன் தொண்டையைச் செருமினார். “அய்யா, நம்மளையும் வேலைக்கு வெச்சது பழைய ராசாதானுங்க.”

சட்டப்புத்தகம் வந்தது. ‘முதலாளி மாறின், அவர் அமர்த்திய ஆட்கள் அறுபது நாளில் கப்பலேறுக.’ அக்கரை ஆட்கள் என்று அதில் இல்லை. அந்த வரியை எழுதியவர் ஆலாலசுந்தரரே. சுருக்கமாக எழுதுவதில் அவர் பெயர் பெற்றவர்.

“கப்பலேறி எங்கே போவேன்? எனக்கு அக்கரையே கிடையாதே!”

அவர் முகம் வெளுத்ததைப் பார்க்க வடிவுக்கே பாவமாக இருந்தது. “எங்க ஊருக்கு வாங்கய்யா. நல்ல ஊருதான். ஆனா அங்க யாராச்சும் உங்கள அழைக்கணும்.”

ஆலாலசுந்தரர் தம்மை மீண்டும் அமர்த்தக் கோரி ஒரு விண்ணப்பம் எழுதினார். பூவராகன் அதை வாங்கி, வரிசை எண் போட்டு, காத்திருந்த விண்ணப்பக் கட்டின் அடியில் செருகினார். மன்னர் வரிசைப்படிதான் கையெழுத்திடுவார் என்பதும் ஆலாலசுந்தரரே போட்ட விதி. மேலே பதினொரு அடுமனைகள் இருந்தன. அவற்றிலும் முதலாவது பவளத்துடையது.

அன்று அரண்மனையின் எண்பது படிகளையும் அந்தக் கட்டைச் சுமந்துகொண்டு பேரதிகாரியே ஏறினார்.

“இந்த அடுமனை ஓடுகிறதா?” என்று கேட்டார் புதிய மன்னர்.

“பிரமாதமாக ஓடுகிறது, மன்னா! தாமதித்தால் ரொட்டி கருகிவிடும்!”

இருட்டுமுன் தகடு வாசலில் ஏறியது. வடிவு மூட்டையைப் பிரிக்கக்கூட வீட்டுக்குப் போகவில்லை. நேரே போய் மாவில் கை வைத்தாள்.

மறுநாள் சட்டம் திருத்தப்பட்டது: ‘அரியணை கைமாறுவது கைமாற்றம் ஆகாது. அடுமனை கைமாறுவது கைமாற்றமே.’ நாட்டில் நிலைத்தன்மை காக்கப்பட்டதாக முரசறைந்தார்கள்.

அடுத்த மாதம் பவளத்துக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அடுமனையைப் பார்க்க வந்த மாப்பிள்ளை நீலவண்ணன், தன்னையும் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளலாமே என்று ஆசையாகக் கேட்டான். மாவு பிசைந்துகொண்டிருந்த இருபத்திரண்டு பேரின் கைகளும் அப்படியே நின்றன.

பவளம் அவசரமாக எழுந்து கதவைச் சாத்தினாள்.

“மெதுவாப் பேசுங்க, ஆலாலசுந்தரர் காதுல விழப்போகுது. நீங்க வெறும் புருஷனா மட்டும் இருங்க, போதும்.”