ஷ்னைடர் வெட்டிய ஜாக்கெட்

ஒரு மொழியை ஒழுங்காகப் படித்தவனால் யாருக்கும் தொந்தரவு இல்லை. அறவே தெரியாதவன் வாயை மூடிக்கொண்டு போய்விடுவான், அவனாலும் இல்லை. மூன்று மாதம் மட்டும் படித்துவிட்டு நிறுத்தினவன் இருக்கிறானே, அவனைத்தான் ஊருக்குள் விடக்கூடாது. எண்பதுகளின் கடைசியில் ஆவடியில் அப்படி ஒருவன் அவிழ்த்து விடப்பட்டிருந்தான். (வேறு யார், அடியேன்தான்.)

பட்டணத்தில் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்து ஜெர்மன் படித்தேன். ஜெர்மனில் மேஜை ஆண்பால், விளக்கு பெண்பால், ஆனால் சின்னப் பெண் மட்டும் இரண்டும் இல்லை என்று ஆசிரியர் சொன்ன அன்று எழுந்து வந்தவன், திரும்பப் போகவில்லை. அதற்குள் நான் கற்றிருந்தது வணக்கம், நன்றி, தண்ணீர் வேண்டும், அப்புறம் ஒரு நாள் ஆசிரியர் கதைபோலச் சொன்ன ஜெர்மன் குடும்பப் பெயர்களின் வரலாறு. இதை வைத்துக்கொண்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியில் 'ஜெர்மன் தெரிந்தவர்' என்று பெயர் வாங்கிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் கம்பெனிக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு பெரிய மெஷின் வந்தது. அதைப் பொருத்த முல்லர், ஷ்மிட், ஷ்னைடர் என்று மூன்று பேர் வந்தார்கள். முதல் இருவரும் வேலை முடிந்து கிளம்பிவிட, ஓட்டக் கற்றுக்கொடுப்பதற்காக ஷ்னைடர் மட்டும் தங்கினார். ஒட்டடைக் குச்சிக்குக் கோட்டுப் போட்டதுபோல் உயரமான, நல்ல மனிதர். என்னைவிட நன்றாக இங்கிலீஷ் பேசுவார். ஆனாலும் மேனேஜர் என்னைத்தான் அவருடன் அனுப்பினார். நானும் எட்டடி உயரம் வளர்ந்தவன்போல் நடந்தேன்.

ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது பிரசங்கம் நடக்கும்.

"அங்க அந்தக் காலத்துல ஒரே ஊர்ல பத்து பேருக்கு ஒரே பேரு இருந்துச்சாம்மா. எவன் எவன்னு தெரியணுமில்ல? மாவு அரைக்கிறவனை முல்லர்னாங்க. கொல்லுப்பட்டறை வெச்சிருந்தவன் ஷ்மிட். துணி தைக்கிறவன் ஷ்னைடர். அதுவே புள்ளைங்களுக்கும் பேரா வந்துடுச்சு."

அம்மா தோசைக் கரண்டியோடு திரும்பினாள். "அப்ப உங்க கம்பெனில கீறாரே, அந்தத் தொரை டெய்லரா?"

இங்கே நான் 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. எனக்கோ பெருமை தலைக்கேறியிருந்தது. "சும்மா டெய்லரா? முந்நூறு வருஷத்துப் பரம்பரை!" என்றேன்.

"முந்நூறு வருசமா தெச்சிகினு கீறாங்களா!"

"ஆமா" என்று சொல்லிவிட்டு அடுத்த தோசையைப் பிய்த்தேன்.

டெய்லர் எதற்காக மெஷின் பொருத்த வருகிறான் என்று நீங்கள் கேட்கலாம். அம்மாவுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. டெய்லருக்குத் தெரியாத மெஷினா?

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் இருந்தது பாதுகாப்புத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. அப்பா ஃபிட்டர், அதனால் அம்மா 'ஃபிட்டர் வீட்டம்மா'. பக்கத்தில் 'வெல்டர் வீட்டு அக்கா'. திருநெல்வேலிக்காரரான அவருக்குச் செல்லம்மாள் என்று ஒரு பெயர் உண்டு என்பதே அவர் மகள் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும். டர்னர் என்று கூப்பிட்டால் வருகிறவர் கட்டாயம் டர்னராகத்தான் இருப்பார். அப்படியிருக்க, தையல்காரர் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவருக்குத் தையல் தெரியாமல் போகும் என்று அம்மா எப்படி நினைப்பாள்?

இந்தச் சமயத்தில் என் அக்கா வசந்தாவுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. மாப்பிள்ளை வீடு பூந்தமல்லி. 'மேஸ்திரி வீடு' என்றால் ஊருக்கே தெரியும் என்று தரகர் சொன்னார். பெண் பார்க்க வந்த அன்றே அம்மா மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் காப்பி கொடுத்த கையோடு சமையலறைச் சுவரில் விழுந்திருந்த விரிசலையும் காட்டினாள். அவர் நிமிர்ந்து பார்த்து, "பாக்கலாம்மா" என்றார். மரியாதைப்பட்ட மனிதர்.

அக்காவுக்கு இதற்கு முன் இரண்டு இடம் கூடிவந்து கலைந்திருந்தது. இந்த மாப்பிள்ளையை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வெளியில் சொல்லாவிட்டாலும், பூந்தமல்லி என்று எழுதின பஸ் போனால்கூட முகம் சிவந்தாள். எங்களுக்கிருந்த ஒரே பயம் மாப்பிள்ளையின் அத்தை. சகுனம் பார்ப்பதில் புலி. தேதி குறிக்கிற நேரத்தில் யாரோ தும்மினார்கள் என்று, குறிப்பதையே அடுத்த மாசத்துக்குத் தள்ளிப்போட்ட அம்மாள் அவர். இன்னொரு தும்மல் வந்தால் இந்த இடமும் போச்சு என்று அப்பா எல்லோரையும் எச்சரித்திருந்தார்.

அந்த விசேஷத்துக்குத்தான் நான் ஷ்னைடரைக் கூப்பிட்டேன். சம்பந்தி வீட்டார் முன்னால் ஒரு வெள்ளைக்காரரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டால் எவ்வளவு கெத்தாக இருக்கும்!

ஞாயிற்றுக்கிழமை காலை குண்டு விழுந்தது. நிச்சயப் புடவையை மாப்பிள்ளை வீட்டார் தட்டில் கொண்டு வருவார்கள், பெண் உள்ளே போய் அதைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார வேண்டும். அதற்கான ஜாக்கெட் துணியை மாமியார் முன்கூட்டியே அனுப்பியிருந்தார். மயில் கழுத்து நிறப் பட்டு. மார்க்கெட் டெய்லர் தைத்துக் கொடுத்ததை அக்கா அன்றைக்குத்தான் போட்டுப் பார்த்தாள். கை முழங்கைக்கு மேல் ஏறவில்லை. டெய்லர் கடைக்கு ஓடினால் பூட்டு. பிள்ளைக்கு மொட்டை போடக் குடும்பத்தோடு திருவேற்காட்டுக்குப் போயிருந்தார்.

அக்கா அழ ஆரம்பித்தாள். அந்த நேரத்தில்தான் ஷ்னைடர் காரில் வந்து இறங்கினார். அவர் நெற்றியில் சந்தனம் வைத்து, கையில் ஒரு கலர் சோடாவைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, சம்பந்தி வேனுக்கு வழிகாட்ட நான் குவார்ட்டர்ஸ் வாசலுக்குப் போய்விட்டேன். போகும்போது அம்மா ஷ்னைடரையும் அக்காவின் ஜாக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். வெயிலில் கண் கூசியது, நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வேன் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, அத்தை, கூடத் தட்டு ஏந்திய பெண்கள். இன்னொரு வேன் பின்னால் வருகிறது என்றார்கள். "நம்ம ஊட்டுக்கு ஜெர்மனிலேர்ந்து ஒரு கெஸ்ட் வந்திருக்காரு" என்று வழியெல்லாம் அளந்துகொண்டு அவர்களை அழைத்து வந்தேன். வாசல் திரையை நான்தான் விலக்கினேன்.

நடுக்கூடத்தில் வெல்டர் வீட்டுத் தையல் மெஷின். அதன் முன்னால் ஷ்னைடர். கழுத்தில் அளவு டேப். ஒரு கையில் கத்தரிக்கோல், மறு கையில் அக்காவின் ஜாக்கெட். ஜாக்கெட்டின் ஒரு கை தனியாகக் கீழே கிடந்தது. சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பிளந்தபடி அப்படியே நின்றார்கள். ஷ்னைடர் மட்டும் எங்களைப் பார்த்து அழகாகச் சிரித்து, கத்தரிக்கோலை உயர்த்திக் காட்டினார்.



முதலில் வாயைத் திறந்தது அத்தைதான். "ஐயையோ! நல்ல நாளும் அதுவுமா பொண்ணு துணில கத்திரி வெச்சிட்டாங்களே!"

மாமியார், "இது நான் எடுத்துக் குடுத்த துணியாச்சே" என்றார். உள் அறையில் அக்கா விசும்பும் சத்தம் கேட்டது.

மாப்பிள்ளையின் அப்பா என்னைப் பார்த்தார். "இன்னா தம்பி இது? யாரு இவரு?"

நான் முந்துவதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "டெய்லருங்க. முந்நூறு வருசமா டெய்லருங்க. இவன்தான் சொன்னான். நான் மரியாதையா தட்டுல குங்குமம் வெச்சி, கத்திரி வெச்சித்தான் குடுத்தேன். கை புடிக்குது, பிரிச்சி உடுங்கன்னு சைகைலகூட காட்டினேன். இவரு இப்பிடி ஒரே வெட்டா வெட்டுவாருன்னு நான் இன்னாத்த கண்டேன்!"

தட்டு, குங்குமம், கத்தரிக்கோல். எங்கேயோ பார்த்த ஞாபகம். போன வாரம்தான் கம்பெனியில் மெஷின் திறப்பு விழா. மேனேஜரின் மனைவி வெள்ளித் தட்டில் குங்குமமும் கத்தரிக்கோலும் வைத்து நீட்ட, ஷ்னைடர் பட்டு ரிப்பனை வெட்டினார். எல்லோரும் கை தட்டி லட்டு கொடுத்தோம். அவரிடம் போய் உடைந்த இங்கிலீஷில் விசாரித்தேன். அவர் சொன்னதன் சாரம் இது: "தட்டில் கத்தரிக்கோல் வந்தால் விருந்தாளி பட்டுத் துணியை வெட்ட வேண்டும், அதுதானே உங்கள் வழக்கம்? வெட்டிவிட்டேன். ஏன் யாரும் கை தட்டவில்லை?"

"உங்க அப்பா என்ன வேலை?" என்று கேட்டேன்.

அப்பா பஸ் டிரைவராம். தாத்தா உருளைக்கிழங்கு போட்டாராம். அதற்கு மேல் தெரியாதாம். அவருடைய சட்டைப் பொத்தான் அறுந்தால் அதைத் தைப்பதுகூட அவர் மனைவிதானாம். இதையெல்லாம் நான் கூடத்து நடுவில் நின்று, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் தோசை வார்க்கலாம்.

"அப்ப டெய்லர்னு ஏன்டா பேரு வெச்சிகினான்?"

நான் மறுபடி பழைய கதையைச் சொன்னேன். ஊரில் பத்து பேருக்கு ஒரே பெயர், மாவு அரைத்தவன், துணி தைத்தவன், பிள்ளைகளுக்கும் அதுவே பெயரானது. இந்தத் தடவை குரலில் பிரசங்கம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. அத்தை தட்டுகளை வேனுக்குத் திருப்பச் சொல்வதற்குக் கையைத் தூக்கிவிட்டார்.

அப்போது மாப்பிள்ளையின் அப்பா சிரிக்க ஆரம்பித்தார். தொண்டைக்குள் ஆரம்பித்து, துண்டால் கண்ணைத் துடைக்கிற வரைக்கும் சிரித்தார்.

"இரு அக்கா, கைய எறக்கு. இந்தத் தொரையும் நானும் ஒரே ஜாதி. எங்க கொள்ளுத் தாத்தா கொத்து வேல பாத்தாரு. நான் தபாலாபீசுல ஸ்டாம்பு வித்துகினு கீறேன். ஒரு செங்கல்லு எடுத்து வெச்சதில்ல. மழ பேஞ்சா போதும், மேஸ்திரி, ஊடு ஒழுவுது வந்து பாருன்னு கூட்டமா வந்து நிக்கறாங்க. இந்தம்மாகூட அன்னிக்கு செவுத்த காட்டினாங்க. இன்னா சொல்றதுன்னு தெரியாம பாக்கலாம்னு சொல்லி வெச்சேன்."

இப்போது அதிர்ச்சியடைவது அம்மாவின் முறை. "நீங்க மேஸ்திரி இல்லியா? தரகரு மேஸ்திரி ஊடுன்னு சொல்லித்தான நாங்க..." என்று ஆரம்பித்துவிட்டாள். அத்தை நிறுத்திவிடுவார் என்று நாங்கள் பயந்த கல்யாணத்தை அம்மாவே நிறுத்திவிடுவாள்போல் இருந்தது.

காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் தூண்போல் நின்ற அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். "ஃபிட்டர் வீட்டம்மான்னு கூப்பிட்டா திரும்பிப் பாக்குறியே, நீ என்னிக்கு ஸ்பானர் புடிச்ச?"

கூடம் கொல்லென்று சிரித்தது. அம்மா சம்பந்திகளுக்குக் காப்பி போட உள்ளே போய்விட்டாள். (அதற்கு அப்புறம் அப்பாவுக்கு ஒரு வாரம் ரசம் சாதம்தான் என்பது வேறு விஷயம்.)

மீதி அத்தை மட்டும்தான். "கத்திரி வெச்சது வெச்சதுதான" என்று அவர் இழுத்தார்.

"அக்கா, உம் புள்ள சைக்கிள் கட தொறந்தப்போ ரிப்பன் வெட்டினது யாரு?"

"நான்தான்."

"கட நல்லா ஓடுதா இல்லியா?"

அத்தை யோசித்தார். கடைசியில் அவர் ஷ்னைடரைப் பார்த்து, மெதுவாக, இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினார். உடனே எல்லோரும் தட்டினார்கள். ஷ்னைடருக்கு அப்போதுதான் முகத்தில் களை வந்தது. எழுந்து நின்று குனிந்து வணங்கினார்.

ஆனால் ஜாக்கெட்டுக்குக் கை வேண்டுமே! வெல்டர் வீட்டு அக்கா மெஷின் முன்னால் உட்கார்ந்தார். அது கையால் சக்கரம் சுற்றுகிற பழைய மெஷின். "ஏல, பேசினது நீதான, வந்து சுத்துல" என்று என்னைக் கூப்பிட்டு, ஷ்னைடரின் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து என் கழுத்தில் போட்டார். நான் சுற்றினேன், அவர் இரண்டு கையையும் அகலமாக்கித் தைத்தார். தைத்தது ஒருமாதிரி கோணலாகத்தான் வந்தது. அதை மறைக்க அக்கா புடவைத் தலைப்பை இரண்டு தோளையும் மூடிப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு எடுத்த எல்லாப் போட்டோவிலும் குளிர் ஜுரம் வந்தவள்போலத்தான் இருப்பாள். "எவ்ளோ அடக்கமான பொண்ணு" என்று அத்தையே சொன்னாராம். நிச்சயம் நல்லபடியாக முடிந்தது, அந்த வருஷமே கல்யாணமும் நடந்தது.

முடியாதது என் கதைதான். நான் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வேர்க்க விறுவிறுக்கச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை வீட்டின் இரண்டாவது வேன் வந்து சேர்ந்தது. அதில் வந்தவர்களுக்கு முன்கதை எதுவும் தெரியாது. "பொண்ணோட தம்பி டெய்லரு" என்று மனசில் பதித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். பூந்தமல்லிக்குப் போய் நாலு பேரிடம் அதையே சொன்னார்கள்.

அன்றிலிருந்து அங்கே நான் டெய்லர் மச்சான். அக்காவின் பிள்ளைகளுக்கு டெய்லர் மாமா. எனக்குக் கல்யாணம் ஆனபோது என் மனைவி டெய்லர் வீட்டு அக்காவானாள். அவளுக்குக் கோபமான கோபம். நான் விளக்கம் சொல்லப் போன இடங்களிலெல்லாம் "சரி டெய்லரே" என்றுதான் பதில் வந்தது. என் மகளுக்கு நாங்கள் ஆசையாக வைத்த பெயர் அக்கா வீட்டுத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

போன மாதம் அவள் பூந்தமல்லிக்கு, வசந்தா அத்தை வீட்டுக்குப் போய்விட்டு வரும்போது கையில் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே ஒரு பச்சை ஜாக்கெட்.

"யாரோ ஒரு பாட்டிம்மா, எனக்கு யாருன்னே தெரியாதுப்பா. டெய்லர் வீட்டுப் பொண்ணுதானேன்னு கேட்டாங்க, ஆமான்னேன். கை புடிக்குதாம். ரெண்டு நாள்ல வேணுமாம்."