சொல்லிட்டு உதைக்கிறவர்

தாம்பரத்துல இருந்து பல்லாவரம் வரைக்கும் எத்தனையோ பேர்கிட்ட உதை வாங்கியிருக்கேன். சாரி மாதிரி நேர்மையா உதைச்ச ஆள் ஒருத்தரும் கிடையாது.

சாரின்னா புடவை இல்லை. எங்க டீமுக்குப் புதுசா வந்த ஒருத்தர் அப்படி நெனச்சுக்கிட்டு அவர்கிட்ட பட்டுப்புடவை விலை கேட்டார். இது மன்னிப்பு கேக்கிற சாரி. சொந்தப் பேர் எங்க யாருக்கும் தெரியாது. அவரும் சொன்னதில்லை.

நாங்க நாப்பதைத் தாண்டினவங்க. ஞாயித்துக்கிழமை காலையில பம்மல்ல ஃபுட்பால் ஆடுவோம். நான் வெல்டர். ஓட முடியாததால கோல்கீப்பர். எனக்கு முன்னாடி டிஃபென்ஸ்ல சாரி நிப்பார். பிராக்டீஸ்ல எனக்கும் அவர் உதை விழும்.

எல்லாரும் உதைச்சிட்டு சாரி சொல்வாங்க. அவர் சாரி சொல்லிட்டு உதைப்பார். சத்தம் முதல்ல காதுல விழும். அப்புறம் கணுக்கால்ல விழும். விவரம் தெரிஞ்சவங்க காதுல விழுந்ததுமே குதிச்சிடுவாங்க.

ஒரு மேட்ச்ல ரெஃப்ரி அவரைக் கூப்பிட்டு விசாரிச்சார்.

"முன்னாடியே சாரி சொல்றேன்னா, தெரிஞ்சேதான் உதைக்கிறியா?"

"ஆமா சார்."

"ஆமாவா?"

"சொல்லாம உதைச்சாதான் சார் தப்பு."

ரெஃப்ரி பாக்கெட்ல கையை விட்டார். அப்புறம் அவரும் "சாரி"ன்னு சொல்லிட்டு மஞ்சள் கார்டைத் தூக்கினார்.

சாரிக்குப் பொழப்பு ஷேர் ஆட்டோ. பல்லாவரம் டு அனகாபுத்தூர். அங்கேயும் இதே கதைதான். "சாரி"ன்னு குரல் வந்தா அடுத்தது பிரேக். தினம் வர்றவங்க உடனே கம்பியைப் பிடிச்சுக்குவாங்க. ஒரு வெள்ளிக்கிழமை, சந்தைக்குப் போயிட்டு வந்த அம்மா ஒருத்தங்க புதுசு.

"சாரி!"

"இன்னாத்துக்குப்பா சாரி?"

"பிரேக் போடப் போறேம்மா."

"இன்னும் போடவே இல்ல..."

அதுக்குள்ள அவங்க தக்காளி பூரா டிரைவர் சீட்டுக்குக் கீழே.

போன வருஷம் ஃபைனல் வந்துச்சு. எதிர்ல அனகாபுத்தூர் டீம். ஒவ்வொரு வருஷமும் கப்பை அவங்கதான் தூக்கிட்டுப் போவாங்க. எனக்கு அது கடைசி மேட்ச். முட்டி தேஞ்சு போச்சு, இதோட நிறுத்திடுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஒரு தடவை அந்தக் கப்பைத் தூக்கணும்னு எனக்கு இருந்துச்சு. பெரிய கப்பு ஒண்ணும் இல்லை. சாப்பாட்டு கேரியர் உயரம் இருக்கும்.

அவங்க ஃபார்வர்டு ஒரு பேங்க் சார். சாரிகிட்ட அதிகமா உதை வாங்கினவர் அவர்தான். "சாரி"ன்னு கேட்டா வெயில்ல தார் ரோட்டுல வெறுங்கால வெச்ச மாதிரி குதிப்பார். குதிச்சா பந்து நம்மளுது. பாதி மேட்ச் இப்படியே ஓடுச்சு.

ஸ்கோர் ஒண்ணுக்கு ஒண்ணு. முடியிற நேரத்துல சாரிக்குக் கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு. மாத்த ஆள் இல்லை. இருந்த ஒருத்தரும் கிரகப்பிரவேசத்துக்குப் போயிட்டார். சாரி கரண்ட் கம்பம் மாதிரி நின்னார்.

அந்த நேரம் பார்த்து பேங்க் சார் பந்தோட தனியா வர்றார். நடுவுல சாரி மட்டும்தான். காலைத் தூக்க முடியாது. வாய் நல்லாதான் இருக்கு.

நான் கத்தினேன். "சாரி சொல்லுய்யா!"

கேப்டனும் கத்தினார். "ஒரே ஒரு தபா சொல்லு தலைவா!"

சாரி வாயைத் திறந்தார். பேங்க் சார் அதைப் பார்த்துட்டு ஒரு காலை அந்தரத்துல தூக்கிட்டார். பந்து அது பாட்டுக்கு நிக்குது. மைதானமே அந்த ஒரு வார்த்தைக்காக நிக்குது.

சாரி வாயை மூடிட்டார்.

பேங்க் சார் காலை இறக்கினார். அதே காலால அடிச்சார். கோல். விசில்.

கேப்டன் பாய்ஞ்சு வந்தார். "இன்னாய்யா நீ? வாய்ல இன்னா கொழுக்கட்டையா? ஏன் சொல்லல?"

"கால் தூக்க வரல. உதைக்காம எப்படி சாரி சொல்றது? பொய்யாயிடும்ல."

"சொல்லிக்கினா இன்னா பூடும்? ஒரு வார்த்தைதானய்யா!"

"அவரு என்னை நம்பித்தான குதிக்கிறாரு."

கேப்டன் தலையில அடிச்சுக்கிட்டுப் போயிட்டார்.

அந்தாண்ட அவங்க கப்பைத் தூக்கிட்டு ஃபோட்டோ எடுத்துட்டு இருந்தாங்க. நான் கோல் போஸ்ட்ல சாய்ஞ்சு உட்கார்ந்து கிளவுஸைக் கழட்டினேன். சாரி நொண்டிக்கிட்டே வந்து பக்கத்துல நின்னார். என் முட்டியைப் பார்த்தார்.

"சாரி"ன்னார்.

நான் ரெண்டு காலையும் மடக்கிக்கிட்டேன். பழக்கம். உதை வரலை. அவர்கிட்ட இருந்து காரியத்துக்கு அப்புறமா வந்த சாரி எனக்குத் தெரிஞ்சு அது ஒண்ணுதான்.

கால் பிடிப்பு விட்டதும் என்னை அவர் ஆட்டோவில ஏத்திக்கிட்டார். வேற யாரையும் ஏத்தலை. நான் கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். வீடு வர்ற வரைக்கும் அவர் ஒரு சாரியும் சொல்லலை. வண்டி அவ்வளவு மெதுவாப் போச்சு.