அண்ணி பார்த்த நாற்காலி

வேலை தெரியுமா என்று செய்யச் சொல்லிப் பார்க்காமல், பேசச் சொல்லிப் பார்க்கும் மேன்மையான ஏற்பாட்டுக்கு நேர்முகத் தேர்வு என்று பெயர். குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவுக்கு ஓர் எழுத்தர் தேவைப்பட்டபோதும் அந்த மேன்மைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

மேற்படித் தேர்வுக்கு அண்ணிக்கும் அழைப்பு வந்தது. கொழுந்தன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெருவுக்கே அவள் அண்ணியாகிவிட்டாள். வயது வரம்பு அவளைத் தொட்டுக்கொண்டு நின்றது. இதை விட்டால் இனி எந்த அலுவலகமும் அவளுடைய விண்ணப்பத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

பயிற்சி கொடுக்கக் கொழுந்தன் தானாகவே முன்வந்தான். ஊரில் நடந்த தேர்வுக்கெல்லாம் போய், ஒன்றிலும் தேறாமல் திரும்பியவன். அவனைவிட அனுபவசாலி யார்?

"அண்ணி, இது கஷ்டமான கேள்வி, கவனிங்க. அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை நீங்க எங்கே பார்க்கிறீங்க?"

"நான் எங்கே தம்பி என்னைப் பார்க்கிறது? பாப்பாவைப் பார்க்கவே பொழுது சரியாப் போகுது."

"அப்படிச் சொன்னா வேலை போச்சு! கேட்கிறவர் கண்ணை நேராப் பார்த்து, 'உங்க நாற்காலியிலே'ன்னு சொல்லணும். அதுக்குப் பேரு தன்னம்பிக்கை."

"அப்போ அவரு எங்கே உட்காருவாரு?"

"அதெல்லாம் பாடத்துல இல்லை."

காய் நறுக்கும்போதும் குழந்தைக்குத் தலை வாரும்போதும் அண்ணி "உங்க நாற்காலியிலே, உங்க நாற்காலியிலே" என்று உருப்போட்டாள்.

தேர்வு அறையில் மேஜைக்கு அந்தப்பக்கம் மூன்று பேர்: பெரிய அதிகாரி, அவருடைய நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்த துணை அதிகாரி, கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மையார்.

கேள்வி சொல்லி வைத்ததுபோல் வந்தது. அண்ணியும் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

பெரிய அதிகாரி நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என் நாற்காலியிலயா? அப்போ நான் எங்கே?"

பாடத்தில் இல்லாத கேள்வி. அண்ணி வாயில் வந்ததைச் சொன்னாள். "நீங்க மேலே போயிட்டீங்க சார்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"ஐயோ, மேல்மாடிக்கு சார்! அங்கே இருக்கே, பெரிய ரூம், அதுக்கு!"

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "மேல்மாடியா? நல்லாப் பார்த்தீங்களா?"

பார்க்கவே இல்லை என்று சொல்ல அண்ணிக்கு மனம் வரவில்லை. பாவம், எவ்வளவு ஆசையாகக் கேட்கிறார்!

"ஜன்னலோரமா உட்கார்ந்திருக்கீங்க சார்."

துணை அதிகாரி தொண்டையைச் செருமினார். "விதிப்படி அவருக்கப்புறம் அந்த நாற்காலி எனக்குத்தானே வரணும்?"

"வந்துச்சே! நீங்க உட்கார்ந்து எழுந்து போனப்புறம்தான் நான் உட்கார்றேன். இன்னும் சூடுகூட ஆறலை சார்."

அம்மையார் முதன்முதலாகக் கடிகாரத்தை விட்டுக் கண்ணெடுத்தார். "ஏம்மா, என் டிரான்ஸ்ஃபர்?"

"உங்க வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தா ஆபீஸ் தெரியுது மேடம்."

அறையில் அப்படியொரு நிம்மதி பரவியது. புகார்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் அந்த நிம்மதி என்னத்துக்கு ஆகும்?

பிறகு பெரிய அதிகாரி முறைப்படி முகத்தை இறுக்கிக்கொண்டார். "ரொம்ப நல்லதும்மா. ஆனா இந்த இடத்துக்கு எங்க மச்சினன் பையன் ஒருத்தன்... அதாவது, தகுதியுள்ள வேறொருவர் ஏற்கெனவே பரிசீலனையில் உள்ளார். நீங்க போகலாம்."

அண்ணி எழுந்திருக்கவில்லை. இதை விட்டுவிட்டால் இனி எழுந்து போக இன்னொரு நாற்காலி கிடைக்கப்போவதில்லை.

"போறேன் சார். ஒரே ஒரு சந்தேகம். நான் இந்த வேலைக்கு வந்தாத்தானே உங்க நாற்காலிக்கு வரமுடியும்? நான் வரலைன்னா நான் பார்த்தது பொய்யாயிடுமே? அப்புறம் மேல்மாடி?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டிரான்ஸ்ஃபரும் போயிடுமா?" என்றார் அம்மையார்.

"எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு இருக்கு மேடம்."

அந்த அலுவலகத்தின் சரித்திரத்தில் இல்லாத வேகத்தில் பணி நியமன ஆணை தயாரானது. துணை அதிகாரியே ஓடிப்போய் முத்திரை எடுத்துவந்தார். மச்சினன் பையன் 'தகுதிக் குறைவு காரணமாக' நீக்கப்பட்டான். அவன் வாழ்நாளில் உண்மையான காரணத்துக்காக எதிலிருந்தாவது நீக்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

வீட்டில் கதையைக் கேட்டு எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "படிச்ச மனுஷங்க இப்படியா ஏமாறுவாங்க!" என்று புருஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "என் பயிற்சி!" என்று கொழுந்தன் காலரைத் தூக்கிவிட்டான்.

சிரிப்பு அடங்கியதும் கொழுந்தன் மெல்ல நகர்ந்து வந்தான். "சும்மா ஒரு பேச்சுக்குத்தான் அண்ணி... என்னை எங்கே பார்க்கிறீங்க?"

"அவன் கிடக்கிறான், என்னைப் பார்த்துச் சொல்லு" என்றான் புருஷன்.

வாசலில் பக்கத்து வீட்டுக்காரி தன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

அண்ணி காலை நீட்டி உட்கார்ந்தாள். "சொல்றேன். முதல்ல கிடக்கிற பாத்திரத்தையெல்லாம் தேய்ச்சு வைங்க. தேய்ச்ச பாத்திரத்துலதான் தெளிவாத் தெரியும்."

கல்யாணமான நாள் முதல் ஒரு தம்ளரைக்கூடக் கழுவாத புருஷன்தான் முதலில் ஓடினான். அடுக்களையில் நெரிசல், தள்ளுமுள்ளு. கொஞ்ச நேரத்தில் கரி பிடித்த வாணலிகூடப் பளபளத்தது.

தேய்த்தவர்கள் கை துடைக்கப் போன நேரம், அண்ணி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஒரு தட்டை மெல்லச் சாய்த்து உற்றுப் பார்த்தாள், நிஜமாகவே ஏதாவது தெரிகிறதா என்று.