பின்கதவு நோய்க்கு ஒன்பது அமர்வுச் சிகிச்சை

கருணை இந்த உலகத்தில் எப்போது, எங்கே தோன்றியது என்று அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். வீண் வேலை. அது போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, ஆம்புலன்ஸ் துறைத் தலைமை அலுவலகத்தில், உதிரிபாகக் கிடங்கைக் காலி செய்த அறையில் தோன்றியது. ரிப்பன் வெட்டியவர் நிதானம் சார்.

நிதானம் சார் துறையின் இணை இயக்குநர். எதைப் பேசினாலும் "நிதானம், நிதானம்" என்று தொடங்குவதால் ஊழியர்கள் வைத்த பெயர் அது. தலைபோகிற அவசரத்துக்கென்றே இருக்கும் ஒரு துறைக்கு இப்படி ஓர் அதிகாரி வாய்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். 'பிறரைக் காப்போரின் மனக்காயம் மற்றும் களைப்பு நீக்கும் பிரிவு' என்று அறை வாசலில் பலகை ஏறியது. கிடங்கில் இருந்த தாழ்ப்பாள், ஸ்பிரிங், பிரேக் கட்டை எல்லாம் எடைக்குப் போயின. சுவருக்கு இளநீலம் அடித்து, நான்கு மெத்தை நாற்காலி போட்டு, கிடங்குக் கணக்கரையே பிரிவின் எழுத்தர் ஆக்கினார்கள். மனுஷனுக்குப் பழைய பழக்கம் போகவில்லை. மனசு சரியில்லை என்று யார் வந்தாலும், "பழசைக் கொண்டாந்தீங்களா? பழசைக் கொடுத்தாத்தான் புதுசு" என்பார்.

பிரிவின் முதல் நோயாளி, ஏழாம் எண் வண்டியின் நர்ஸ். பத்தொன்பது வருட சர்வீஸ். டிரைவர் "நர்ஸக்கா" என்று கூப்பிட்டு, துறை முழுக்க அதுவே பெயராகிவிட்டது.

நடந்தது இதுதான். அறை திறப்பதற்கு மூன்று வாரங்களுக்கு முன் ஒரு தையல்காரருக்கு மூச்சுத்திணறல். டிரைவர் ஒன்பதே நிமிடத்தில் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். வண்டியின் பின்கதவு திறக்கவில்லை. தாழ்ப்பாள் நாக்கு தேய்ந்து உள்ளே சிக்கிக்கொண்டது. பக்கக் கதவை இரண்டு வருடத்துக்கு முன்பே, அதுவும் திறக்காத காரணத்தால், வெல்டிங் வைத்து மூடியிருந்தார்கள். உள்ளே நர்ஸக்காவும் தையல்காரரும். வெளியே டிரைவரும் இரண்டு வார்டு பணியாளர்களும் இழுத்தார்கள். ஏழாவது நிமிடம் ஆக்சிஜன் சிலிண்டர் தீர்ந்தது. பதினோராவது நிமிடம் கதவு திறந்தது. அதற்குள் தையல்காரர் நர்ஸக்காவின் மணிக்கட்டைப் பிடித்தபடியே போய்விட்டார். வாசலுக்கு வந்த பிறகு செத்ததால் அது 'ஆஸ்பத்திரி மரணம்'. துறையின் சாதனைப் பட்டியலில் ஒரு கீறல்கூட இல்லை.

தாழ்ப்பாளை மாற்றச் சொல்லி நர்ஸக்கா அதற்கு முன்பே ஐந்து கடிதம் எழுதியிருந்தார். கிணற்றில் போட்ட கல். அதற்குப் பிறகு தினம் ஒன்று எழுதினார். இப்போது துறை விழித்துக்கொண்டது. 'ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வருதல்' என்பது மனக்காயத்தின் முதல் அறிகுறி என்று சுற்றறிக்கையிலேயே இருக்கிறதே. கடிதங்களை மொத்தமாகக் கட்டி, சிவப்பு நாடா போட்டு, நர்ஸக்காவையும் சேர்த்து இளநீல அறைக்கு அனுப்பினார்கள்.

பிரிவின் மனநல ஆலோசகர் நல்ல பெண். குரலில் அவ்வளவு தன்மை.

"கண்ணை மூடிக்கோங்க. இப்ப மனசுல என்ன தெரியுது?"

"கதவு, மேடம்."

"எப்படிப்பட்ட கதவு?"

"பின்கதவு. தாழ்ப்பாள் தேஞ்சுபோச்சு. புதுசு போட்டா சரியாயிடும்."

'கடந்த காலத்தைப் பூட்டி வைத்திருக்கிறார்' என்று ஆலோசகர் எழுதிக்கொண்டார்.

"சின்ன வயசுல யாராவது உங்களை ரூம்ல வெச்சுப் பூட்டினாங்களா?"

"இல்ல மேடம். போன மாசம்தான்."

மூன்றாவது அமர்வு முடிந்ததும் நர்ஸக்கா நேராக நிதானம் சார் அறைக்குப் போனார். இனிமேலும் இந்த மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து கதவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால் இன்னொரு உயிர் போய்விடும் என்று அவருக்குப் பட்டது.

"சார், எனக்கு ஒண்ணுமில்ல சார். தாழ்ப்பாளை மட்டும் மாத்திக் கொடுத்துடுங்க."

"நிதானம், நிதானம். சிகிச்சையில இருக்கறவங்க கொடுக்கற புகாரை வாங்கக் கூடாதும்மா. அது புகாரா, நோயான்னு நாங்க எப்படிப் பிரிக்கறது?"

"குணமானவங்க கொடுத்தா?"

"தாராளமா வாங்குவோம். ஆனா குணமானவங்க இதுவரைக்கும் ஒருத்தரும் புகார் கொடுத்ததில்ல. அதுதானே நம்ம சிகிச்சையோட வெற்றி."

வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் கதவை முழுசாகச் சாத்தாமல், ஒரு நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டி ஓட்டினார். திருப்பத்தில் நர்ஸக்கா ஒரு கையால் நோயாளியையும் மறு கையால் கயிற்றையும் பிடித்துக்கொள்வார். வீட்டில் அவர் குளியலறைக்குக்கூடத் தாழ் போடுவதில்லை என்பதைக் கணவர் கவனித்தார்.

"ஒரு மாசம் லீவு போட்டுட்டு உக்காரேன்."

"போட்டா வேற ஒருத்தி அந்த வண்டியில ஏறுவா. அவளுக்கு இந்தக் கயிறு விஷயம் தெரியாது. டப்புனு சாத்திடுவா."

'குணம்' என்று கையெழுத்து வாங்கினால்தான் புகார் செல்லும். சரி, குணமாகித் தொலைக்கலாம் என்று நர்ஸக்கா முடிவு செய்தார். ஆலோசகர் சிரிக்கச் சொன்னபோது சிரித்தார். மன்னிக்கச் சொன்னபோது கதவை மன்னித்தார்.

ஒன்பதாவது அமர்வு கடைசி அமர்வு. 'பயத்தைப் பயந்த இடத்திலேயே சந்தித்தல்.' ஏழாம் எண் வண்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தால் சான்றிதழ். நேரில் பார்க்க நிதானம் சாரே வந்தார். ஆலோசகர் ஏறினார். முத்திரையும் மைப்பெட்டியுமாக எழுத்தர் ஏறினார்.

"கதவைச் சாத்துங்க," என்றார் ஆலோசகர்.

"வேணாம் மேடம். கயிறு கட்டிக்கலாம்."

"பாத்தீங்களா சார், தவிர்க்கறாங்க."

"சாத்தினா திறக்காது மேடம்."

"அது உங்க மனசு சொல்றது."

"டிரைவரும் சொல்றாரே."

"அவருக்கும் ஒன்பது அமர்வு," என்று எழுத்தர் குறித்துக்கொண்டார்.

நிதானம் சாரும் ஏறி, தம் கையாலேயே கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்தினார். நர்ஸக்கா பத்து நிமிடம் கைகட்டி உட்கார்ந்திருந்தார். சான்றிதழில் கையெழுத்தும் முத்திரையும் விழுந்தன. கைகூடத் தட்டினார்கள். பிறகு நிதானம் சார் கதவைத் தள்ளினார். பிறகு தோளால் தள்ளினார்.

நாற்பது நிமிடம். இருபதாவது நிமிடத்தில், 'நிதானம்' என்ற சொல் தமிழில் இருப்பதே சாருக்கு மறந்துபோனது. எழுத்தர் மைப்பெட்டியால் கதவில் அடித்தார். ஆலோசகருக்கு வேர்த்து, உதடு வெளுத்துவிட்டது. உள்ளே வேலை தெரிந்தவர் ஒருவர்தான். நர்ஸக்கா சாரின் காலர் பட்டனைக் கழற்றி ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தார். எழுத்தரை உட்காரச் சொன்னார். ஆலோசகரின் நாடியைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் ஆகாதும்மா, நாலு எண்ணி மூச்சை இழுங்க," என்றார்.

டிரைவர் கடப்பாரை போட்டு நெம்பிக் கதவைத் திறந்தார். மூவரும் விழுந்தடித்து வெளியே ஓடியதைப் பார்த்து நர்ஸக்காவுக்குச் சந்தோஷம் பொங்கியது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது. ஆனால் இனி தாழ்ப்பாள் வந்துவிடும். அன்று சாயங்காலமே இருபத்தேழாவது கடிதத்தை எழுதி, 'குணம்' சான்றிதழை இணைத்துக் கொடுத்தார்.

துறை இவ்வளவு வேகமாக இயங்கி யாரும் பார்த்ததில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கே உத்தரவு வந்துவிட்டது. பாதிக்கப்பட்ட மூவருக்கும் கடும் மனக்காயத்துக்காக ஒரு மாத விடுப்பு. அலுவலர் எவரும் இனி ஏழாம் எண் வண்டியில் ஏறக் கூடாது. நர்ஸ் முழுமையாகக் குணமடைந்துவிட்டபடியால் வண்டி வழக்கம்போல் ஓடலாம். நோயாளிகளுக்கு மட்டும் இதுவரை தக்க மனப்பயிற்சி அளிக்கப்படவில்லை என்பது கண்டறியப்பட்டு, அந்தக் குறையும் உடனடியாகக் களையப்படுகிறது.

களைந்தே விட்டார்கள். கடப்பாரையில் நெளிந்த கதவைத் தட்டி நிமிர்த்தி, அதே தாழ்ப்பாளோடு மாட்டி, உள்பக்கம் ஒரு பலகை அறைந்திருந்தார்கள்: 'கதவு திறக்கத் தாமதமானால் பதற்றம் வேண்டாம். கண்களை மூடி, நான்கு எண்ணும்வரை மூச்சை நன்றாக உள்ளே இழுக்கவும்.'

டிரைவர் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்.

"எழுத்து நல்லாப் பெரிசா இருக்கில்லக்கா? படுத்துக்கிட்டே படிக்கலாம்."

"படிக்கலாம்," என்றார் நர்ஸக்கா. "அந்தத் தையல்காரரும் பதினோரு நிமிஷமா இதைத்தான் பண்ணப் பாத்தாரு."